கூப்பாடு முன்னால், இருட்டு பின்னால்

மாசி, பங்குனியில் பிசானம் நெல் அறுப்பு நடக்கும்போது, மணிமுத்தாறு அணைக்குக் கீழே கல்லிடைக்குறிச்சி, வைராவிகுளம், சிங்கம்பட்டி பக்கமுள்ள சாலைகளில் பொழுது சாய்ந்த பிறகு வைக்கோல் டிராக்டருக்குப் பின்னால் போனவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். ரோட்டை அடைத்துக்கொண்டு கருத்த பொதி ஒன்று நிற்கும். நிற்கிறதா நகர்கிறதா என்று பிடிபடாது. டிரெய்லரில் பின்விளக்கு இருக்கிறதா என்றால் இருக்கும், எரியாது. எரிந்தாலும் வைக்கோலுக்குள் புதைந்து கிடக்கும். பைக் வெளிச்சம் பொதியின் மேல் விழுந்த பிறகுதான் முன்னால் ஒரு வண்டி போகிறது என்பதே புலப்படும். அதற்குள் பிரேக் பிடிக்க வேண்டிய தூரத்தில் பாதி போயிருக்கும்.

இந்த இருட்டுக்கு நேர்மாறான இன்னொரு காட்சியும் இப்போது இதே சாலைகளில் உண்டு. புது பிக்அப் வண்டி, பின்னால் கோயில் கொடை விழாவுக்குப் போகிற ஜெனரேட்டர் டிரெய்லர். டிரைவருக்கு முன்னால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்குகள் கண் சிமிட்டுகின்றன. பீப் சத்தம் நின்றபாடில்லை. இண்டிகேட்டர் போட்டால் அது வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் படபடக்கிறது. ரிவர்ஸ் போட்டால் சென்சார் விடாமல் கத்துகிறது. டிரைவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டுகிறார். முன்னால் இத்தனை கூப்பாடு; பின்னால் டிரெய்லரில் பிரேக் விளக்கு எரியவில்லை.

இரண்டு காட்சிக்கும் வேர் ஒன்றுதான்: இழுக்கிற வண்டிக்கும் இழுபடுகிற வண்டிக்கும் நடுவே போகிற நாலைந்து ஒயர். அந்த ஒயரை நாம் இன்றுவரை மதித்ததில்லை.

மாட்டு வண்டிக் காலத்தில் ஒயர் கிடையாது. களத்திலிருந்து நெல்லும் வைக்கோலும் வீடு வந்து சேர்ந்தது பாரவண்டியில். ராத்திரி ஓட்டமென்றால் அச்சுக்கு அடியில் ஓர் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிடுவார்கள். சிம்னிக்குள் சின்னச் சுடர்தான். சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு ஊடே அது ஆடிக்கொண்டே போகும். தரையோடு தரையாக ஆடுகிற வெளிச்சத்தைக் கண்டால் அது வண்டி என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த விளக்கால் வண்டிக்காரருக்கு ஒரு பயனும் இல்லை. அவர் உட்கார்ந்திருப்பது மேலே. பாதை பார்ப்பது மாடுகள். விளக்கு முழுக்க முழுக்க அடுத்தவருக்காக எரிந்தது. மாட்டின் கழுத்து மணியும் அப்படித்தான், எதிரே வருகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் ஒலித்தது.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குத் தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். அரிசி, பருப்பு, பாத்திரம் பண்டமெல்லாம் ஏற்றிக்கொண்டு, அங்கேயே சில நாள் தங்கிவிட்டு வருவார்கள். வரிசையாக வண்டிகள் போகும்போது முன்வண்டியின் விளக்கைப் பார்த்துத்தான் பின்வண்டி நடந்தது. விளக்கு அணைந்தால் பின்னால் வருகிறவர் சத்தம் கொடுப்பார். முன்னால் போகிறவர் இறங்கித் திரியைத் தூண்டுவார்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. வண்டி போன வேகமே மணிக்கு நாலைந்து கிலோமீட்டர். லாரிகள் பெருகிய பிறகு அந்த அரிக்கேன் வெளிச்சம் போதாமல் போனது. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. விளக்கு பழுதானால் குனிந்து பார்த்த கண்ணுக்குப் பழுது தெரிந்தது. பழுதைச் சரிசெய்ய எண்ணெயும் திரியும் போதுமாக இருந்தது.

காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1958இல் மணிமுத்தாறு அணை முடிந்தது. 118 அடி உயரம், 5,511 மில்லியன் கன அடி கொள்ளளவு. அதன் பிரதானக் கால்வாய் நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட குளங்கள் வரை தண்ணீரைக் கொண்டுபோனது. உழவு இப்படிப் பெருகிய காலத்தில், 1960இல் சென்னையில் டாஃபே என்ற டிராக்டர் நிறுவனம் தொடங்கப்பட்டு, மாஸி பெர்குசன் டிராக்டர்கள் தமிழ்நாட்டிலேயே உருவாகத் தொடங்கின. உழுவதற்காக வாங்கிய டிராக்டர் உழவில்லாத நாளில் சும்மா நிற்க முடியாது. உழவு வருஷத்தில் சில வாரம்தான்; கடன் தவணையோ விடாமல் வரும். ஆகவே டிராக்டரின் மற்ற நாட்கள் பாரம் இழுப்பதிலேயே கழிந்தன. நெல் மூட்டை, வைக்கோல், வாழைத்தார், சூளைச் செங்கல், குளத்துக் கரம்பை மண், கல்யாண வீட்டுப் பந்தல் சாமான் என்று எல்லாம் டிரெய்லரில் ஏறின. பாரவண்டி மெல்ல மெல்ல ஊரைவிட்டுப் போனது. அதோடு அச்சுக்கு அடியில் தொங்கிய விளக்கும் போனது. அதன் இடத்துக்கு வந்திருக்க வேண்டிய விளக்கு சரியாக வந்து சேரவில்லை.

டிரெய்லர் பெரும்பாலும் உள்ளூர்ப் பட்டறையில் செய்வது. இரும்பின் கனம் என்ன, டயர் என்ன மாதிரி, தார்ப்பாய் கட்டக் கொக்கி எத்தனை என்று பேரம் நடக்கும். விளக்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பெயின்ட் அடித்து முடித்த பிறகு கடைசியாக இரண்டு பின்விளக்கை முடுக்கி, கையில் கிடைத்த ஒயரை அடிச்சட்டத்தோடு இழுத்துக் கட்டி அனுப்புவார்கள். சட்டத்தின் கூரான விளிம்பில் அந்த ஒயர் உரசும். சேற்று வயலில் நனையும். மழைக்காலத்தில் கொட்டகையில் நிறுத்தினால் எலி கடிக்கும். அறுந்த இடத்தை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றுவார்கள். வெயிலில் டேப்பின் பசை உருகி அவிழும். முறுக்கிய செம்பு பச்சைக் களிம்பு பூத்துக் கிடக்கும்.

டிராக்டரின் பின்னால் இருக்கிற ஏழு துளை சாக்கெட் இதற்கென்றே செய்யப்பட்டது. இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், இடது பின்விளக்கு, வலது பின்விளக்கு, பிரேக் விளக்கு, பனிமூட்ட விளக்கு, இவற்றுக்கு ஆளுக்கொரு துளை, ஏழாவது எர்த். எந்தத் துளைக்கு எந்த வேலை என்று பன்னாட்டுத் தர அமைப்பின் 1724ஆம் எண் தரம் 12 வோல்ட் வண்டிகளுக்கு வரையறுத்து வைத்திருக்கிறது. அதன்படி ஒயர் போட்டால் எந்த ஊர் டிரெய்லரையும் எந்த ஊர் வண்டியிலும் மாட்டலாம். நம் பக்கத்தில் பல டிராக்டர்களில் சாக்கெட் மூடி உடைந்து, துளைக்குள் மண் அடைந்து கிடக்கிறது. அதை விட்டுவிட்டு, டிராக்டரின் பின்விளக்கிலிருந்தே இரண்டு ஒயரை உரித்து டிரெய்லர் ஒயரோடு முறுக்கிவிடுகிறார்கள்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105ஆவது விதியின்படி, சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்து விளக்கு எரிய வேண்டும். மறுநாள் சூரியன் உதிக்க அரை மணி நேரம் இருக்கும்வரை அது அணையக் கூடாது. பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். இந்த 155 மீட்டர் எவ்வளவு பெரிய காப்பு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பைக் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, முன்னால் டிராக்டர் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. இடைவெளி நொடிக்குச் சுமார் 11 மீட்டர் குறையும். விளக்கு எரிந்தால் பைக்காரருக்குக் கிடைப்பது 14 நொடி. எரியாவிட்டால் தன் வண்டி வெளிச்சம் எட்டும் தூரம்தான் கதி. இறக்கிய வெளிச்சம் 40 மீட்டர் எட்டும் என்று வைத்துக்கொண்டால் நாலு நொடிகூட இல்லை. எதிரே ஒரு லாரி கண்ணைக் கூசவைத்துக்கொண்டு வந்தால் அதுவும் இல்லை.

அந்த விளக்கு எரிவதற்கு உயிர்நாடி எர்த் ஒயர். பேட்டரியிலிருந்து போகிற மின்சாரம் விளக்கை எரித்துவிட்டுத் திரும்ப பேட்டரிக்கு வந்தாக வேண்டும். போகிற வழியைப் பற்றி யோசிப்பவர்கள் வருகிற வழியை மறந்துவிடுகிறார்கள். டிரெய்லரின் டயர் ரப்பர். தரை வழியாகத் திரும்ப முடியாது. தனி எர்த் ஒயர் போடாத டிரெய்லரில் மின்சாரம் திரும்புவது இழுவைக் கொக்கியும் பின்னும் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தின் வழியாகத்தான். அங்கே கிரீஸ் இருக்கிறது, துரு இருக்கிறது, பெயின்ட் இருக்கிறது. வண்டி குலுங்கும்போது பின் ஒரு கணம் தொடும், ஒரு கணம் விலகும். விளக்கு விட்டு விட்டு எரியும்.

தொட்டுக்கொண்டே இருந்தாலும் துருவின் தடை சும்மா விடாது. பிரேக் விளக்கு பல்பு ஒன்றுக்கு 21 வாட்; இரண்டுக்கும் சேர்த்து 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். கொக்கித் துருவில் ஒரே ஒரு ஓம் தடை இருந்தால் போதும், மூன்று வோல்ட்டுக்கு அருகில் அங்கேயே வீணாகும். பல்புக்கு 9 வோல்ட் சொச்சம்தான் போய்ச் சேரும். வோல்ட் கால் பங்கு குறைந்தால் வெளிச்சமும் கால் பங்குதான் குறையும் என்று நினைக்கக் கூடாது. இழை பல்பில் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும்.

எர்த் அடியோடு போனால் நடப்பது இன்னும் விபரீதம். திரும்ப வழியில்லாத மின்சாரம் பக்கத்து விளக்கின் இழை வழியாக வழி தேடும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்கும். வலது இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு துடிக்கும். பின்னால் வருகிறவர் எதை நம்புவது?

அந்தக் கால டிராக்டரில் இதெல்லாம் நடந்தபோது டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் விளக்கு செத்துக் கிடக்க, அவர் முன்விளக்கைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகப் போவார். அவருக்குத் தெரிந்த ஒரே பழுது பியூஸ் போவதுதான். டிரெய்லர் ஒயர் எங்காவது சட்டத்தில் ஷார்ட் ஆகிப் பியூஸ் போனால் முன்விளக்கும் சேர்ந்து அணையும். அப்போதும் ஷார்ட்டைத் தேடமாட்டார்கள். பியூஸ் இருந்த இடத்தில் சிகரெட் பெட்டி ஈயத்தாளையோ நாலு இழை செம்புக் கம்பியையோ சொருகிவிட்டுக் கிளம்புவார்கள். பியூஸ் போவதும் ஓர் எச்சரிக்கைதான். அதை வாயடைக்கிற பழக்கம் அப்போதே வேரூன்றிவிட்டது. இன்று பீப் சத்தத்துக்கும் அதே வைத்தியம் நடக்கிறது.

வண்டிகள் வாய் திறந்து பேச ஆரம்பித்தது சமீபத்தில்தான். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாரான கார்களில் சீட் பெல்ட் நினைவூட்டல், வேக எச்சரிக்கை, பின்பக்க பார்க்கிங் சென்சார் மூன்றும் கட்டாயமாயின. மணிக்கு 80 கிலோமீட்டர் தாண்டினால் அவ்வப்போது பீப். 120 தாண்டினால் நிற்காத பீப். 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகை விதி வந்தது. அத்தகைய டிராக்டர்களில் எஞ்சினை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆள்கிறது. டேஷ்போர்டில் எச்சரிக்கைச் சின்னங்கள் பெருகிவிட்டன.

மின்னணுப் பெட்டி வைத்த புது வண்டிகள் பலவற்றில் விளக்கு எரிகிறதா என்று வண்டியே பார்த்துக்கொள்கிறது. விளக்குக்குப் போகிற மின்சாரத்தை அளக்கிறது. விளக்கு போடாத நேரத்தில்கூடச் சிறு துடிப்பாக மின்சாரம் அனுப்பி, இழை முழுசாக இருக்கிறதா என்று சோதிக்கிறது. டிரெய்லருக்கென்றே தனிப்பெட்டி வைத்த வண்டியானால் சாக்கெட்டில் டிரெய்லர் மாட்டியிருக்கிறதா என்பதையும் அதுவே கண்டுகொள்கிறது. மாட்டியிருந்தால் பின்பக்க சென்சாரை அணைத்து வைக்கிறது, ஏனென்றால் டிரெய்லரையே தடை என்று நினைத்துச் சென்சார் கத்தும். நல்ல ஏற்பாடு. மேலே சொன்ன ஓட்டை ஒயரிங்கை அந்த வண்டியில் மாட்டினால்தான் வினை தொடங்குகிறது.

துருப்பிடித்த கொக்கி வழியாக எர்த் வந்து வந்து போனால், டிரெய்லர் மாட்டப்பட்டது, கழன்றது, மாட்டப்பட்டது, கழன்றது என்று பெட்டி நினைக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு பீப். மின்சாரம் குறைவாகப் போனால் பல்பு போய்விட்டது என்று ஒரு மஞ்சள் விளக்கு. எர்த் பின் களிம்பேறி இண்டிகேட்டர் இழை சரியாக எரியவில்லையென்றால் படபடப்பு. டிரெய்லர் இருப்பதே தெரியாமல் போனால் ரிவர்ஸில் நிற்காத கத்தல். தனிப்பெட்டி இல்லாத வண்டிக்கோ டிரெய்லர் இருப்பது என்றைக்குமே தெரியாது. ஒவ்வொரு ரிவர்ஸிலும் கத்தல்தான். ஓர் எர்த் ஒயர் சரியில்லாததற்கு நாலு விதமான எச்சரிக்கை, நாலும் வெவ்வேறு முகத்தோடு. டிரைவர் நாலு பழுது என்று நினைத்துக் குழம்புகிறார். கொஞ்ச நாளில் எதையும் நம்பாமல் போகிறார். அந்த அவநம்பிக்கைதான் எனக்குப் பெரிய ஆபத்தாகப் படுகிறது.

எல்இடி விளக்கு இதில் புதிதாகச் சேர்ந்த குழப்பம். மழைக்கும் குலுக்கலுக்கும் தாங்கும், பேட்டரியைக் குடிக்காது என்று டிரெய்லரில் எல்இடி மாட்டுகிறார்கள். அது நல்ல காரியம்தான். ஆனால் 21 வாட் பல்பு இருந்த இடத்தில் இரண்டு மூன்று வாட் எல்இடி வந்தால், மின்சாரத்தை அளந்து பார்க்கிற வண்டி பல்பு போய்விட்டது என்றுதான் முடிவெடுக்கும். இதைச் சமாளிக்க எல்இடிக்கு இணையாக 6 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டிவிடுகிற வழக்கம் இருக்கிறது. அது 12 வோல்ட்டில் 24 வாட்டை வெறும் சூடாக உமிழும். தொட்டால் கை பொசுங்கும். டிரெய்லரின் பின்சட்டத்தில் இதை வைத்துவிட்டு மேலே வைக்கோல் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இண்டிகேட்டரைச் சிமிட்டவைக்கிற பிளாஷர் எல்இடிக்கு ஏற்றதாகவே கடையில் கிடைக்கிறது. டிராக்டருக்கு அதுவே சரியான வழி.

"சத்தம் வராம பண்ணிக் குடுங்க அண்ணாச்சி." அம்பாசமுத்திரம் சாலையில் ஓர் ஒயரிங் கடையில் பிக்அப் டிரைவர் ஒருவர் கேட்டது இது. பின்னால் ஜெனரேட்டர் டிரெய்லர் நின்றது. கடைக்காரர் வயதானவர், அதிகம் பேசாதவர். "சத்தம் எதுக்கு வருதுன்னு மொதல்ல பாப்போம் தம்பி. போயி பிரேக்க மிதிங்க" என்றார். தம்பி மிதித்தார். டிரெய்லரில் பிரேக் விளக்கு கங்கு மாதிரி மங்கலாகச் சிவந்தது. பக்கத்தில் இண்டிகேட்டரும் லேசாக மினுங்கியது. கடைக்காரர் ஒரு பல்பு ஹோல்டரில் இரண்டு நீள ஒயர் கோத்த டெஸ்ட் லாம்ப்பை எடுத்தார். ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவில் கவ்வவைத்தார். மறுமுனையை வண்டிச் சட்டத்தில் தொட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தது. அதே முனையை டிரெய்லர் சட்டத்தில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் தொட்டார். பல்பு அழுது வடிந்தது. "பாத்தீயளா, எர்த்து திரும்பி வரல" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

பிறகு அவர் செய்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய ஹேக்ஸா பிளேடால் சட்டத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டினார். அங்கே துளை போட்டு, வளையம் வைத்த ஒயரை நட்டு போல்ட்டால் இறுக்கினார்; மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினார். கனமான கறுப்பு ஒயரை ரப்பர் குழாய்க்குள் நுழைத்து, சட்டத்தின் உட்பக்கமாகக் கொண்டுவந்து சாக்கெட்டின் எர்த் பின்னில் முடித்தார். திருப்பத்தில் ஒயர் இழுபடாமலிருக்க ஒரு முழம் தளர்வு விட்டார். சாக்கெட் பின்களை உப்புத்தாளால் தேய்த்தார். மறுபடி பிரேக்கை மிதிக்கச் சொன்னபோது டிரெய்லரின் பின்பக்கம் ரத்தச் சிவப்பாக எரிந்தது. உள்ளே மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது. பீப் இல்லை. தம்பி கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் அவர் கேட்ட வழியில் இல்லை.

எல்லாக் கடையிலும் இப்படி நடக்காது. பஸ்ஸரின் ஒயரைப் பிடுங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சென்சார்மேல் டேப் ஒட்டிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்டு வாங்கிப் போகிற நாமும் இருக்கிறோம். ஒயரிங் வேலைக்குக் கூலி கொடுக்க யோசிக்கிற உரிமையாளர் சத்தத்தை நிறுத்தச் சந்தோஷமாகக் கொடுக்கிறார். நான் டிரைவரை மட்டும் குற்றம் சொல்லமாட்டேன். ராத்திரி முழுக்கக் காதருகே காரணம் தெரியாத பீப் அடித்துக்கொண்டே இருந்தால் மனிதனுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். அந்த எரிச்சலில் கவனம் சிதறுவதும் ஆபத்துதான். வண்டி தயாரிப்பவர்கள் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். ஒரு முக்கோணமும் ஆச்சரியக்குறியும் போட்டால் எங்கள் ஊர் டிரைவர் என்ன புரிந்துகொள்வார்? "டிரெய்லர் இடது பிரேக் விளக்கு எரியவில்லை" என்று தமிழில் ஒரு வரி திரையில் வந்தால் வண்டியை ஓரங்கட்டி, ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டுப் போவார்.

பிரிட்டனில் கேரவன் இழுக்கிறவர்கள் வெகுகாலம் பயன்படுத்திய ஓர் ஏற்பாடு இங்கே நினைவுக்கு வருகிறது. டிரெய்லரின் இண்டிகேட்டர் ஒழுங்காக எரிந்தால் காருக்குள் பஸ்ஸர் ஒலிக்கும்; டிரெய்லர் பல்பு போனால் ஒலி நின்றுவிடும். அதாவது சத்தம் வந்தால் பின்னால் எல்லாம் நலம். அந்தச் சத்தத்தை யாரும் பிடுங்கி எறிய நினைக்கவில்லை. அது வராவிட்டால்தான் பதறினார்கள். இன்றைய வண்டிகள் பழுதுக்கு மட்டும் கத்துகின்றன. கத்தலை அடக்கினால் பழுதும் போய்விட்டதாக மனசு ஏமாறுகிறது. பழைய முறையில் அப்படி ஏமாற வழியே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் பழையதுதான் அறிவுள்ளது என்பேன்.

இனி, வைக்கோல். அன்று கதிரைக் கையால் அறுத்து, களத்தில் அடித்து, வைக்கோலை வண்டியேற்றி வீட்டுக் கொல்லையில் படப்பு போட்டார்கள். தூரம் குறைவு; பெரும்பாலும் பகல். இன்று அறுவடை மிஷின் சில மணி நேரத்தில் வயலை முடித்துவிடுகிறது. பின்னாலேயே கட்டு மிஷின் வந்து வைக்கோலை உருளை உருளையாகச் சுருட்டிப் போடுகிறது. மழை வருவதற்குள் எடுக்க வேண்டும், கேரளத்துக்குப் போகிற லாரி காத்திருக்கும். ராத்திரி பகல் பார்க்காமல் டிரெய்லரில் ஏற்றுகிறார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பின்னாலும் பக்கத்திலும் பிதுங்கக் கயிறு போடுகிறார்கள். சட்டத்தில் உள்ள விளக்கு இதில் முழுசாக மறைந்துபோகிறது. காவல்துறையும் தன்னார்வலர்களும் டிரெய்லர்களுக்கு ஒளிரும் பட்டை ஒட்டுவது நல்ல காரியம். ஒயரே இல்லாமல் வேலை செய்கிற எச்சரிக்கை அது. ஆனால் வைக்கோல் அதையும் மூடிவிடுகிறது.

இந்த இடத்தில் மின்னணுப் பெட்டியும் தோற்றுப்போகிறது. விளக்கு எரிகிறதா என்றுதான் அதற்குத் தெரியும். பின்னால் வருகிறவர் கண்ணுக்கு அது தெரிகிறதா என்று தெரியாது. மின்சாரம் சரியாகப் போகிறது, டேஷ்போர்டு அமைதியாக இருக்கிறது, வண்டி இருட்டில் போகிறது. எச்சரிக்கை வராததையே நலம் என்று எடுத்துக்கொள்கிற புதுப் பழக்கம் வைக்கோல் வண்டியில் மிகவும் ஆபத்தானது.

இதற்கு வழி இருக்கிறது, செலவும் பெரிதில்லை. சட்டத்து விளக்கைத் தவிர, கழற்றி மாட்டத்தக்க இன்னொரு ஜோடி விளக்கை ஒரு மரப்பட்டையில் பொருத்தி, அதே சாக்கெட்டிலிருந்து நீண்ட ஒயரோடு வைத்துக்கொள்ளலாம். பாரம் ஏற்றிக் கயிறு போட்ட பிறகு அந்தப் பட்டையை வைக்கோலின் வெளிப்பக்கத்தில், கடைசிக் கட்டுக்கும் வெளியே கட்ட வேண்டும். ஐரோப்பாவில் நீண்டு பிதுங்கும் சாமான் ஏற்றுகிற டிரெய்லர்களில் இத்தகைய விளக்குப் பட்டை சாதாரணமாகப் புழங்குகிறது. நம் பட்டறைக்காரர்கள் அரை நாளில் செய்துவிடுவார்கள்.

அடுத்த பிசானம் அறுப்புக்கு முன் டிராக்டரும் பிக்அப்பும் வைத்திருக்கிற உரிமையாளர்களிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். டிரெய்லருக்குத் தனி எர்த் ஒயர் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இடங்களை வெட்டி எறிந்து, சாக்கெட்டையும் பிளக்கையும் புதிதாக மாட்டுங்கள். பீப் சத்தத்தை நிறுத்தச் சொல்லி மெக்கானிக்கிடம் போகாதீர்கள். எதனால் வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பாரம் ஏற்றிய பிறகு, கிளம்புவதற்கு முன், ஒருவரை டிரெய்லருக்குப் பின்னால் ரோட்டில் ஐம்பது அடி தள்ளி நிற்கவைத்து, பின்விளக்கு, பிரேக், இடது, வலது என்று நான்கையும் போட்டுக் காட்டுங்கள். "தெரியுது" என்று அவர் நான்கு முறை சொன்ன பிறகு வண்டியை எடுங்கள்.